பதிவு செய்யாத கிரய அக்ரிமென்ட் வெறும் காகிதமா?

தாவா_தமிழ்

"வீட்டுமனை அட்வான்ஸ்" இழையில் பத்திரமேசை நேற்று எழுதிவைத்தது இது: "தமிழ்நாட்டில் 1.12.2012-க்குப் பிறகு பதிவாகாத கிரய அக்ரிமென்ட் வெறும் காகிதம். விற்கிறவர் மனசு மாறினால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்." படித்ததும் எரிச்சல் தாங்காமல் தனி இழை திறந்துவிட்டேன். இதை நம்பி ஒருத்தர் சும்மா இருந்தால், காலவரையறைச் சட்டம் 54-ஆவது உறுப்புப்படி கெடு தேதியிலிருந்து மூன்று வருஷம் ஓடிப்போகும். அதற்கப்புறம் எந்த வக்கீலைப் பிடித்தாலும் பயனில்லை.

ஒப்பந்தம் ஆளைக் கட்டுவது ரிஜிஸ்டர் ஆபீஸில் நம்பர் விழும்போது இல்லை. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தில் 7-ஆவது பிரிவைப் பாருங்கள்: ஏற்பு முழுதாக, நிபந்தனை ஒட்டாமல் இருக்க வேண்டும். 10-ஆவது பிரிவு: மைனர் அல்லாத, சுயபுத்தியுள்ள ஆட்கள், சுயசம்மதம், சட்டப்படியான மறுபயன் (பதிலுக்குக் கொடுப்பது), சட்டப்படியான நோக்கம். இவ்வளவும் கூடி, ஏற்பு எதிராளிக்குத் தெரிவிக்கப்பட்டால் முடிந்தது. வாய்வார்த்தையாக இருந்தாலும் சரி. பின்னால் எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பேசியதாலேயே முன்னால் முடிந்த பேச்சு இல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே கொல்லிபரா ஸ்ரீராமுலு வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் நிலம் சம்பந்தப்பட்ட வழக்குதான்.

பதிவுக்கு வருவோம். பதிவுச் சட்டம் 49-ஆவது பிரிவின் வரம்புரை, அதாவது அதோடு ஒட்டிய விதிவிலக்கு, என்ன சொல்கிறது? பதிவாகாத ஆவணத்தை, ஏற்றதை ஆற்றும்படி (ஒத்துக்கொண்டபடி கிரயம் செய்து தரும்படி) கேட்கும் தாவாவில் ஒப்பந்தத்துக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். 1.12.2012 முதல் கிரய அக்ரிமென்டையும் பதிவு செய்யச் சொல்லும் நம் மாநிலத் திருத்தத்தை எதிரே வைத்துக்கொண்டே உச்ச நீதிமன்றம் 10.4.2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் இதைத்தான் உறுதி செய்தது. அந்த அக்ரிமென்ட் 2013-ஆம் வருஷத்தியது, பதிவாகாதது. இனிமேலும் "வெறும் காகிதம்" என்று எழுதுவீர்களா?

பத்திரமேசை

என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. ஒரே கேள்வி கேட்கிறேன். பதிவுச் சட்டம் 17(1)(ஜி): நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரய ஒப்பந்தம் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள்.

அது மட்டுமா? 17(2)-க்கு அடியில் ஒரு விளக்கம் இருந்தது. அட்வான்ஸ் வாங்கியதாக எழுதியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று சொன்ன விளக்கம். அந்த மாநிலத் திருத்தமான 29/2012 சட்டத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். சட்டமன்றம் வேலையில்லாமலா அதை எடுத்தது?

தாவா_தமிழ்

ஆம், பட்டியலில் இருக்கிறது. 17 பதிவு செய்யச் சொல்கிறது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது 49. அந்த 49-இன் வரம்புரையை 29/2012 தொடவில்லை. நீங்கள் சொன்ன விளக்கம் நீக்கப்பட்டதையும் பார்த்துவிட்டுத்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைப் படிக்காமல் பிரிவு நம்பரை மட்டும் ஒப்பிப்பது உங்களுக்குப் புதிதில்லை. செட்டில்மென்ட் ரத்து இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கொங்குமணி

அண்ணா ரெண்டு பேருக்கும் வணக்கமுங்க. கோர்ட்டுல சாட்சியமா எடுப்பாங்களாங்கிறது ஒண்ணு, நிலம் கைக்கு வருமாங்கிறது வேறொண்ணு. பதிவாகாத அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றுல ஏறாதுங்க. விக்கிறவரு ரெண்டு மாசம் கழிச்சு, கூட ரெண்டு லட்சம் குடுக்கிறவருக்குக் கிரயமே பண்ணிக் குடுத்துட்டாருன்னு வெய்ங்க. அந்தப் புது ஆளு ஈசி போட்டுப் பாத்தாரு, ஒண்ணுமில்லை, முழுப் பணமும் குடுத்தாரு. குறித்த பரிகாரச் சட்டம் 19(பி) அவரைத்தான் காப்பாத்தும். பதிவாகி இருந்தா சொத்து மாற்றுச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி அவருக்குத் தெரிஞ்ச மாதிரியே கணக்கு, "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல வழியே இல்லைங்க. அதனாலதான் பத்திரமேசை அண்ணன் சொல்றதுல நாயம் இருக்குதுங்கிறேன்.

பத்திரமேசை

அப்படிச் சொல்லுங்கள் மணி. பதிவு கட்டாயம். நான் சொன்னதும் அதுதான்.

தாவா_தமிழ்

நீங்கள் சொன்னது அது இல்லை. "வெறும் காகிதம்" என்று சொன்னீர்கள். இழை இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

மணி சொன்ன 19(பி) மூன்றாம் ஆள் பிரச்சினை. இருவருக்குள் ஒப்பந்தம் கட்டுமா என்பது வேறு பிரச்சினை. விற்கிறவர் இன்னும் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது இதுதான். கெடு முடிவதற்கு முன்பே வக்கீல் நோட்டீஸ். பாக்கித் தொகை தயார் என்று அதில் எழுத வேண்டும். எந்த நாளில் எந்த சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறோம் என்றும் எழுத வேண்டும். அந்த நாளில் பாக்கிப் பணம் பேங்க் கணக்கில் இருந்ததற்கு ஸ்டேட்மென்ட் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான தாவாக்கள் விழுவது பதிவில்லாததால் இல்லை, இந்த இடத்தில்தான். குறித்த பரிகாரச் சட்டம் 16(சி)-யின்படி ஆயத்தமும் விருப்பமும் தொடர்ந்து இருந்ததை வாதிதான் நிரூபிக்க வேண்டும். நோட்டீஸில் "தயார்" என்று எழுதிவிட்டு, கணக்கில் ஒன்றுமில்லாமல் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணையில் பத்தே நிமிஷத்தில் வழக்குப் போய்விடும்.

பிராதில் (தாவா மனுவில்) மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸைத் திருப்பித் தரும்படியும் கேட்டிருக்க வேண்டும். அதே சட்டம் 22-ஆவது பிரிவுப்படி கேட்காததைக் கோர்ட் கொடுக்காது. கோர்ட் கட்டணம் அட்வான்ஸுக்கு இல்லை, முழு விலைக்கும். தாவாவோடு சேர்த்தே உரிமையியல் நடைமுறைச் சட்டம் 39-ஆவது கட்டளையில் இடைக்காலத் தடைக்கு மனுப் போடுங்கள். தாக்கல் ஆன நாளிலிருந்து சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆவது பிரிவும் வேலை செய்யும், அதற்குப் பின் வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்.

பத்திரமேசை

இவ்வளவு நீட்டி முழக்கினீர்களே, சுவாதீனம் கொடுத்த அக்ரிமென்ட் பற்றி வாயே திறக்கவில்லையே? வாங்குகிறவர் நிலத்தில் இறங்கி வேலியும் போட்டாயிற்று, அக்ரிமென்ட் பதிவாகவில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 53-ஏ பாதுகாப்பு, அதாவது சுவாதீனத்தில் இருப்பவரை விற்கிறவர் வெளியேற்ற முடியாது என்பது, கிடைக்குமா? 24.9.2001 முதல் பதிவுச் சட்டத்தில் 17(1ஏ) இருக்கிறது. பதிவில்லாவிட்டால் 53-ஏ கிடையாது. வெறும் நிரந்தரத் தடை கேட்டுத் தாவா போட்டவருக்கு 2022-இல் பல்ராம் சிங் எதிர் கேலோ தேவி வழக்கில் என்ன ஆயிற்று? பதிவாகாத அக்ரிமென்டை வைத்துத் தடை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 17(1)(ஜி) கட்டாயம். கட்டாயம் என்றால் கட்டாயம்.

தாவா_தமிழ்

17(1ஏ)-வையும் 17(1)(ஜி)-யையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். முதலாவது 53-ஏ-க்காக மத்திய அரசு கொண்டுவந்தது, இரண்டாவது மாநிலத் திருத்தம். பல்ராம் சிங்கில் வாதி ஏற்றதை ஆற்றும்படி கேட்கவே இல்லை, தடை மட்டும் கேட்டார். கேட்டிருந்தால் வரம்புரைக்குள் வந்திருப்பார். நீங்கள் காட்டும் தீர்ப்பே என் பக்கம்தான் பேசுகிறது.

செங்கை_வாசகி

ஒப்பந்தம் எப்போது முடிவாகிறது என்பதை முதல் பதிவுக்கு அப்புறம் இங்கே ஒருவரும் பேசவில்லை. இரண்டு பேருமே பதிவைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அதற்கு முந்தைய கட்டத்திலேயே பல அக்ரிமென்ட்கள் செத்துவிடுகின்றன. ஒப்பந்தச் சட்டம் 29-ஆவது பிரிவு: பொருள் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது. ஒரு துண்டுச் சீட்டில் "மேற்படி இடத்துக்கு டோக்கன் அட்வான்ஸ் ரூ.10,000 பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருக்கிறது. சர்வே நம்பர் இல்லை, உட்பிரிவு இல்லை, நான்கெல்லை இல்லை. சென்ட் என்ன விலை, அளந்து பார்த்து வரும் சென்டுக்கா மொத்தமாகவா, பேங்கில் இருக்கும் மூலப்பத்திரத்தை யார் மீட்பது, ஒன்றும் இல்லை. இதைப் பதிவே செய்தாலும் எதை ஆற்றச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடும்?

விற்கிறவர் "சென்ட் 4 லட்சம்" என்றார், வாங்குகிறவர் "சரி, ஆனால் பாதை 20 அடி விட்டுத் தர வேண்டும்" என்றார். இது ஏற்பு இல்லை, எதிர் முனைவு (பதிலுக்கு வைக்கும் புது முன்மொழிவு). பழைய முனைவு அத்தோடு போயிற்று. பிறகு "சரி, பாதையே வேண்டாம்" என்று இறங்கி வந்தாலும், விற்கிறவர் மறுபடி ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

கொங்குமணி

வாசகியக்கா, அந்த "சரி"ங்கிறது வாட்ஸ்அப்புல வந்தா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல நிலக் கிரய ஒப்பந்தமே வராதுன்னு முதல் அட்டவணையில இருக்குதுங்களே.

செங்கை_வாசகி

இருந்தது. 26.9.2022 அறிவிக்கையில் அந்த ஐந்தாவது இனத்தை நீக்கிவிட்டார்கள். செய்தியைக் கோர்ட்டில் காட்ட இப்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் எடுத்துப் போனால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் கொடுங்கள், போனை அழித்துவிடாமல் பத்திரமாக வையுங்கள்.

பத்திரமேசை

வாட்ஸ்அப்பில் நிலம் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். 17(1)(ஜி)-க்கு இன்னும் நேர் பதில் வரவில்லை.

போகட்டும். பதிவில்லாமல் வரும் அக்ரிமென்ட்களின் லட்சணத்தைப் பாருங்கள். வாங்குகிறவர் கையெழுத்தே இருக்காது. முத்திரைத்தாள் ஆறு மாசத்துக்கு முன்னால் வாங்கினதாக இருக்கும். காலாவதியான தாளில், ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டதற்குப் பெயர் ஒப்பந்தமா?

தாவா_தமிழ்

ஒரே பத்தியில் இரண்டு தப்பு. விற்கிறவர் மட்டும் கையெழுத்திட்ட அக்ரிமென்ட் செல்லும், அலோகா போஸ் எதிர் பரமாத்மா தேவி, 2009. எழுதிக்கொடுத்ததை இவர் வாங்கி வைத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தாலே ஏற்பு ஆயிற்று. முத்திரைத்தாளுக்கு ஆறு மாசக் காலாவதி என்று ஒன்று கிடையவே கிடையாது. முத்திரைச் சட்டம் 54-ஆவது பிரிவில் வரும் ஆறு மாசம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு மட்டும். திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள், 2008. நம்ம ஊர் வழக்கு. 1973-லும் 1978-லும் வாங்கிய தாள்களில் 1980-இல் எழுதிய அக்ரிமென்ட். தாள் பழசு என்பதாலேயே ஆவணம் செல்லாமல் போகாது என்றது உச்ச நீதிமன்றம். பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

பத்திரமேசை

என் தொழிலை இழுக்காதீர்கள். அதே தீர்ப்பில், பழைய தாள் என்பது முன்தேதியிட்டுத் தயாரித்த ஆவணமோ என்று சந்தேகப்படும் சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்றும் இருக்கிறது. அதை ஏன் விழுங்கினீர்கள்? எங்கள் மேசைக்கு வருகிறவருக்கு நாங்கள் புதுத் தாள்தான் சொல்வோம். எழுதிய நாளிலிருந்து நான்கு மாசத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் பண்ணச் சொல்வோம். தவறினால் 25-ஆவது பிரிவில் இன்னொரு நான்கு மாசம், கட்டணத்தில் பத்து மடங்கு வரை அபராதம். இதைச் சொல்லிக்கொடுத்தால் ஜனங்களுக்கு நல்லது. நீங்கள் சொல்லிக்கொடுப்பது சண்டை போட.

கொங்குமணி

வாங்குறவரே பின்வாங்குனா அட்வான்ஸ் போச்சுதானுங்க? அதுல ரெண்டு பேருக்கும் தகராறு இருக்காதுன்னு நினைக்கிறேன்.

தாவா_தமிழ்

போகாது. 2015 கைலாஷ் நாத் தீர்ப்பு: ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவில் நியாயமான இழப்பீடுதான், நஷ்டமே இல்லாவிட்டால் பறிமுதல் இல்லை.

செங்கை_வாசகி

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 2012 சதீஷ் பத்ராவில் 70 லட்சம் விலைக்குக் கொடுத்த 7 லட்சத்தைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். கைலாஷ் நாத்தில் தப்பு வாங்குகிறவர் பக்கமே இல்லை. அச்சாரமாகக் கொடுத்ததா, விலையில் ஒரு பகுதியா என்பதை அக்ரிமென்டின் வாசகத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

தாவா_தமிழ்

இரண்டு தீர்ப்பையும் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அதற்குத் தனியாக எழுதுகிறேன், இங்கே குழப்ப வேண்டாம். பத்திரமேசைக்கு: பதிவு செய்யச் சொல்வதை நான் எங்கே தடுத்தேன்? பதிவு செய்யுங்கள், நல்லதுதான். செய்யாமல் விட்டவரிடம் போய் "உன் அக்ரிமென்ட் காகிதம்" என்று சொல்லி அவர் உரிமையைக் கொல்லாதீர்கள் என்கிறேன். 49 வரம்புரை, 49 வரம்புரை, 49 வரம்புரை. உங்கள் மேசைக்கு மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

பத்திரமேசை

17(1)(ஜி). நானும் ஒட்டிவைக்கிறேன். பதிவாகாத அக்ரிமென்டை வைத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை அலைய எத்தனை பேரால் முடியும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தாவா_தமிழ்

அலைய முடியுமா என்பது சட்டக் கேள்வியே இல்லை. "வெறும் காகிதம்" என்று எழுதியதை எப்போது திருத்தப் போகிறீர்கள்?

பத்திரமேசை

திருத்த ஒன்றுமில்லை.

கொங்குமணி

வாசகியக்கா, அந்த ஹாஷ் மதிப்பு எடுக்கிறது யாருங்க, நாமளே எடுக்கலாமா, இல்லை லேபுக்குக் குடுக்கணுமா?