இல்லாத ஆட்கள்: பென்னி லாவா, நேசமணி, இன்னும் சிலர்

திருச்சிக்காரன்:

2008-இன் தொடக்கம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி ஷிஃப்ட். அமெரிக்காவில் இருந்த ஒருவரோடு தினமும் போனில் பேச வேண்டும். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. அது எழுந்திருக்கும்வரை பொழுது போகவேண்டுமே என்று, உன் ஊர் எது, மொழி எது என்று கேட்டார். தமிழ் என்றேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் "பென்னி லாவா!" என்று ஒரே கத்தல். கத்திவிட்டு விடாமல் சிரிப்பு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுசாக ஒரு ஆளை டீமில் சேர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, பெயரை ஒழுங்காக எழுதிவைத்துக்கொண்டேன். காலையில் டீம் லீடரிடம் கேட்டேன்: "சார், பென்னி லாவா எந்த டீம்?" அவரும் சீரியஸாகக் கம்பெனி டைரக்டரியைத் திறந்து தேடினார். பென்னி என்று ஒருவர் இருந்தார். கணக்குப் பிரிவு. லாவா இல்லை.

மறுநாள் அந்த அமெரிக்கரே லிங்க் அனுப்பினார். பார்த்தால் நம்ம பிரபுதேவா! 2000-இல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்துப் பாட்டு. பஃபலாக்ஸ் என்ற பெயரில் உலவிய ஒரு அமெரிக்கர், தமிழ் வரிகள் தன் காதில் இங்கிலீஷாக எப்படி விழுந்தனவோ அப்படியே சப்டைட்டில் போட்டு 2007-இல் யூடியூபில் ஏற்றியிருக்கிறார். "கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ" என்ற முதல் வரி, "மை லூனி பன் இஸ் ஃபைன், பென்னி லாவா" ஆகிவிட்டது. அதாவது, என் கிறுக்குப் பன் நலமாக இருக்கிறது, பென்னி லாவா. அந்த 'நிலாவோ'தான் லாவா.

கல்லூரிப் பேருந்தில் நூறு தடவை கேட்ட பாட்டு. அன்றோடு போச்சு. ஒருமுறை அந்த சப்டைட்டிலோடு கேட்டுவிட்டால் காது பழைய இடத்துக்குத் திரும்ப மறுக்கிறது. சித்தப்பா மகன் கல்யாண ரிசப்ஷனில் இன்னிசைக் கச்சேரிக்காரர் இதைப் பாட, நான் மட்டும் தனியாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "என்னடா, சாப்பிட்டுட்டுத்தானே வந்தே?" என்றார்.

உங்களுக்கும் இப்படி எங்கிருந்தோ வந்து மாட்டியது ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார்:

தம்பி, இப்படித் தப்பாகக் காதில் விழுவதற்கு ஆங்கிலத்தில் மாண்டெகிரீன் என்று ஒரு பெயரே உண்டு. சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர். சின்ன வயதில் அவருடைய அம்மா ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டை வாசித்துக் காட்டுவாராம். பிரபுவைக் கொன்று புல்வெளியில் கிடத்தினார்கள் என்று அதில் ஒரு வரி. 'லெய்ட் ஹிம் ஆன் தி கிரீன்.' குழந்தை காதில் அது 'லேடி மாண்டெகிரீன்' என்று விழுந்துவிட்டது. பிரபுவோடு சேர்ந்து செத்துப்போன அழகான சீமாட்டி ஒருத்தியை மனசுக்குள் வைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். அப்படி ஒருத்தி கிடையாது என்று பிற்பாடு தெரிந்தும் விட மனமில்லையாம்.

உங்கள் பென்னி லாவாவைக் கேட்டதும் அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். இருவருக்கும் ஒரே ஊர்.

சாய்தாமா வாசி:

ஜப்பானில் இதை ஒரு தொழிலாகவே வைத்திருந்தார்கள் சார். 'தமோரி கிளப்' என்று வெள்ளிக்கிழமை பின்னிரவில் ஒரு டிவி நிகழ்ச்சி. அதில் 1992-இலிருந்து ஒரு பகுதி: வெளிநாட்டுப் பாட்டு எதிலாவது ஒரு வரி ஜப்பானிய மொழிபோலக் காதில் விழுந்தால் எழுதி அனுப்பலாம். அந்தத் தப்பான அர்த்தத்துக்கு ஏற்ப ஒரு குட்டிக் காட்சியைப் படமெடுத்துப் போடுவார்கள். இங்கே இதற்கு சோராமிமி என்று பெயர், 'வெற்றுக் காது' மாதிரி. நன்றாக இருந்தால் பரிசும் உண்டு. கைத்துண்டு, டி-ஷர்ட், ஜாக்கெட் என்று தரம் தரமாகக் கொடுப்பார்கள். அதில் ஒரு பரிசு காது குடையும் குச்சி! தப்பாகக் கேட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கொடுக்க முடியும்? 2023-இல் நிகழ்ச்சி முடிந்தபோது என் அலுவலகத்தில் சிலர் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இங்கே வந்த முதல் மாதம், வீடு பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். வெளிநாட்டுக்காரன் என்றதும் முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. தெற்கு இந்தியா என்று சொன்னதும், கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்து சரக்கென்று ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் போட்டுவிட்டு "முத்து!" என்றார். வீடு கிடைத்துவிட்டது.

சும்மா இல்லை, 1998-இல் தோக்கியோவின் ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்ற ஒரே தியேட்டரில் 23 வாரம் ஓடிய படம் அது. ஒரு ஜப்பானிய விமர்சகர் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தற்செயலாகப் பார்த்து, இதை எப்படியாவது நம்ம ஊரில் காட்டவேண்டும் என்று விநியோகஸ்தரைப் பிடித்ததால் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை: 'முத்து: ஆடும் மகாராஜா'. யோசித்துப் பாருங்கள். முத்து ஜமீன் வீட்டு வேலைக்காரன், குதிரைவண்டி ஓட்டுகிறவன். அவன்தான் நிஜ வாரிசு என்று தெரிய ஃபிளாஷ்பேக்வரை நாம் காத்திருக்கவேண்டும். இவர்கள் போஸ்டரிலேயே பட்டாபிஷேகம் செய்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தலைப்பு பொய்யா இருக்கே, எப்போ மகாராஜா ஆவான் எப்போ ஆவான்னுதான் ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். சஸ்பென்ஸ் இருக்கத்தான் செய்திருக்கிறது. என்ன, நம்முடையது இல்லை.

திருச்சிக்காரன்:

துண்டு சுழற்றி வாடகைக்கு வீடு வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான் ஐயா.

ஷார்ஜா சைட்:

நேசமணி கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது வந்து சேர்ந்த வழி மட்டும் கொஞ்சம் வேறு.

2019 மே 30. நோன்பு மாதம், அதனால் சைட்டில் வேலை நேரம் குறைவு. எங்கள் ஃபோர்மேன் பெஷாவர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தாடி வைத்த நல்ல மனுஷன். நாங்கள் எல்லாரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் நேராக என்னிடம் வந்தார். "நீ மதராஸிதானே? நேசமணி இப்போ எப்படி இருக்கிறார்?" என்றார் இந்தியில்.

நான் முதலில் எங்கள் கேம்ப்பில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறிப்போனேன். அவரே போனை நீட்டினார். பாகிஸ்தானிலிருந்து நடக்கும் சிவில் எஞ்சினியரிங் முகநூல் பக்கம் ஒன்று, சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறது. நம்ம ஆள் ஒருவர் போய், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலை இதால்தான் உடைந்தது, பாவம் என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். விடிவதற்குள் நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ட்விட்டர் முழுக்க நம்மவர்கள். அன்று சாயந்திரம் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அதைத் தாண்டிக்கொண்டு ஓடியது நேசமணி.

உஸ்தாத்துக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், வேலையிடத்தில் ஒரு கான்ட்ராக்டர் தலையில் சுத்தியல் விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் சைட்டில் நின்றவருக்கு அது தமாஷா? "சஹர் முடிந்து தொழும்போது அவருக்கும் சேர்த்து துவா கேட்டேன்" என்றார்.

இந்த முகத்தைப் பார்த்து, 2001-இல் வந்த 'ஃபிரெண்ட்ஸ்' படம், வடிவேலு, எல்லாம் நகைச்சுவை என்று எப்படிச் சொல்வது? "நாலு தையல் போட்டிருக்கு உஸ்தாத், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று ஹெல்மெட் போடாமல் நின்ற எங்கள் பையன்கள் இரண்டு பேருக்கு நேசமணியை உதாரணம் காட்டி வசவு விழுந்தது. பையன்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

பெருநாள் அன்று பிரியாணிக்கு அப்புறம் மனசு கேட்காமல் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். மொழி தெரியாமலே கண்ணீர் வரச் சிரித்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "படத்திலும் பிழைத்துக்கொண்டார்தானே? அப்போ துவா வீண் போகவில்லை" என்றார்.

கோட்டயம் மருமகன்:

ஒரு திருத்தம். அந்தக் காட்சி முதலில் மலையாளம். தமிழ்ப் படத்தை இயக்கிய அதே சித்திக் 1999-இல் மலையாளத்தில் எடுத்த அதே பெயர்ப் படம், அதில் வடிவேலு இடத்தில் ஜெகதி. இதைச் சொல்லாமல் போனால் மாமனார் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

ஷார்ஜா சைட்:

எங்கள் ஸ்டோர்கீப்பரும் அன்று இதையேதான் சொன்னார். மூன்று தடவை.

பழைய டிவிடி:

ஹாஸ்டல் காலத்தில் பர்மா பஜாரில் ஒரு கொரியப் படம் வாங்கினோம். கடை எது என்று சொல்லமாட்டேன், இப்போது கடையே இல்லை. ஒரு ஆள் மழையில் நின்று அழுகிறான். சப்டைட்டில், "கேப்டன், இடதுபக்க எஞ்சின் போய்விட்டது" என்கிறது. காதலி கதவைச் சாத்துகிறாள். "தரையிறங்க அனுமதி இல்லை." எங்கள் அறையில் உலக சினிமா பார்க்கிறவன் ஒருவன் இருந்தான். பேசுவது ஒன்று, உள்ளே ஓடுவது ஒன்று, என்ன ஒரு உத்தி என்று வியந்துகொண்டே இருந்தான். நாங்களும் தலையாட்டினோம். நாற்பது நிமிடம் கழித்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "பாராசூட்டை எடு" என்று வந்தபிறகுதான், வேறு ஏதோ விமானப் படத்தின் சப்டைட்டிலை இதில் ஏற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சரியான சப்டைட்டிலோடு அப்புறம் பார்த்தபோது படம் அவ்வளவு நன்றாக இல்லை.

ஸ்டார் வார்ஸ் மூன்றாம் பாகத்துக்கு 2005-இல் சீனத் திருட்டு வட்டில் வந்த இங்கிலீஷ் இன்னும் பிரமாதம். சீன மொழிபெயர்ப்பை யாரோ திரும்ப இங்கிலீஷாக்கியிருக்கிறார்கள். படத்தின் பெயரே 'மேற்கின் மல்லாக்க நீச்சல்' ஆகிவிட்டது. ஜெடாய் சபை, பிரெஸ்பிட்டேரியன் சர்ச். கடைசியில் டார்த் வேடர் "நோ..." என்று அலறும் இடத்தில் 'டூ நாட் வான்ட்'. பந்தியில் இலைமேல் கையை நீட்டி மறைத்துக்கொண்டு "வேண்டாம் வேண்டாம்" என்போமே, அந்த மாதிரி.

யாழ்தேவி:

நான் இருக்கிறது லண்டன், ஹரோ பக்கம். என்ர கதை சின்னன். வந்த புதிதில் ஒரு அலுவலகத்துக்கு நேர்முகத்துக்குப் போய், வரவேற்பறையில் குந்தியிருந்தேன். ஒரு பெண் வந்து ஏதோ பெயர் சொன்னாள். என் பெயரைத்தான் வெள்ளைக்காரி இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து எழும்பிப் போய்விட்டேன். உள்ளே பதினைந்து நிமிடம் போட்டோகாப்பி மெஷினில் என்ன பிழை என்று கேட்டார்கள். எனக்கும் அதுதான் பரீட்சை என்று நினைப்பு. திறந்து, சிக்கின தாளை இழுத்து எடுத்துத் திருத்தியும் கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை.

இதைப் பல வருஷம் வெளியில் சொல்லவில்லை. பிறகு கை கோமா (Guy Goma) என்பவரின் வீடியோ கண்ணில் பட்டது. கொங்கோவிலிருந்து வந்த மனுஷன். 2006 மே 8, பிபிசிக்கு கணினி வேலை நேர்முகத்துக்குப் போய்க் குந்தியிருக்கிறார். அதே நேரம் கை கியூனி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் வேறொரு வரவேற்பறையில். கூப்பிட வந்தவர் 'கை' என்று கேட்க, இவர் ஓம் என்று எழும்பிவிட்டார். மேக்கப் போட்டு, மைக் குத்தி, நேரலையில் இருத்தியாச்சு. ஆப்பிள் கணினிக் கம்பெனிக்கும் பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனிக்கும் நடந்த வழக்கைப் பற்றிக் கேள்வி.

அறிவிப்பாளர் 'நிபுணர்' என்று அறிமுகப்படுத்தும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள். கண் விரிந்து, வாய் திறந்து, ஐயோ நான் இல்லை என்று சொல்ல வெளிக்கிட்டு, சொல்லாமல் விழுங்கி, பிறகு மரியாதையாகப் பதில் சொல்லத் தொடங்குகிறார். அந்த இரண்டு நொடியை நான் நூறு தரம் பார்த்திருப்பேன். அசல் கை, வெளியில் இருந்த டிவியில் தன் இடத்தில் வேறொருவர் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கோமாவுக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. அதைக் கேட்டபிறகு எனக்கு மனம் கொஞ்சம் ஆறிப்போச்சு.

ரிட்டயர்டு வாத்தியார்:

அந்த மெஷின் ஓடிற்றா அம்மா?

யாழ்தேவி:

ஓடினது, ஐயா. நல்லாவே.

திருச்சிக்காரன்:

இதையெல்லாம் படித்துவிட்டு, அன்று போனில் கத்திய அந்த அமெரிக்கக்காரரைத் தேடிப் பிடித்தேன். ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்லிவிடலாமே என்று, அது பென்னி லாவா இல்லை, ஒரு நிலா, அந்த வரிக்கு நிஜ அர்த்தம் இது என்று எழுத உட்கார்ந்தேன். 'காய்ந்த நிலா' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். நமக்கு வெயில் காயும், துணி காயும், வயிறு காயும், நிலாவும் காயும். இங்கிலீஷில் எந்தக் காய்தலைப் போடுவது? அலுத்துப்போய், அந்த வரியை அப்படியே ஒரு மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு, வந்ததை அனுப்பிவிட்டேன். கல்லூரி ஆகாயத்தில் உலர்ந்துபோன நிலா என்று வந்திருந்தது.

பதில் காலையில் வந்தது. "நிலா உலர்ந்துவிட்டது என்கிறாய். பன் நலமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். இதில் உனக்கு எது சரியாகப் படுகிறது?"