ஏற்காட்டுல இருந்து சேலம் லைட்ஸ்: மூணு வருஷம் மங்கலா வந்த படம் தெளிவா வந்த கதை (நைட் போட்டோ எடுக்கிறவங்க உங்க அனுபவத்தையும் போடுங்க)

சேலம்

ஏற்காடு லேடீஸ் சீட்ல ராத்திரி நின்னவங்களுக்குத் தெரியும், கீழ சேலம் டவுன் மொத்தமும் மினுமினுன்னு கிடக்கும். அதை ஒரு நல்ல படமா எடுக்கணும்னு மூணு வருஷம் அலைஞ்சேன். என்கிட்ட இருக்கிறது கேனான் 1500டி, கேமராவோட கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், அவ்ளோதான். முதல் தடவை ட்ரைபாட் (முக்காலி) கிடையாது, தடுப்புக் கம்பி மேல கையை ஊனிட்டு ஐஎஸ்ஓ (இருட்டுல படத்தை வெளிச்சமாக்கற அளவு) 6400ல எடுத்தேன். கேமரா ஸ்க்ரீன்ல பிரமாதமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பார்த்தா வானம் பூரா ரவையைக் கொட்டின மாதிரி சிவப்பும் பச்சையுமா புள்ளி, விளக்கு ஒவ்வொண்ணும் புழு மாதிரி நெளிஞ்சிருக்கு.

அடுத்த வருஷம் ட்ரைபாட் இரவல் வாங்கிட்டுப் போனேன், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் கூடினா துவாரம் சின்னதாகும்), 10 செகண்ட், எல்லாம் சரியாதான் வச்சேன், புள்ளி குறைஞ்சுது ஆனா படம் ஷார்ப்பா இல்ல. கேமராதான் பத்தல, ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கற சில்லு, இருக்கிற கேமரா) வாங்கினாதான் வரும்னு நானே முடிவு பண்ணி இஎம்ஐ எல்லாம் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன். எங்க தெருவுல ரொம்ப வருஷமா ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட படத்தைக் காட்டினேன். பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குடா எடுத்தே?" ராத்திரி ஒன்பதரைண்ணான்னேன். "அப்புறம் வானத்துல என்னடா இருக்கும், வெளிச்சமே இல்லாத இடத்துல புள்ளிதான் வரும், பொழுது சாயறதுக்கு முன்னாடியே போய் நில்லு"ன்னாரு.

மூணாவது தடவை நவம்பர்ல, ரெண்டு நாள் மழை பெஞ்சு விட்ட சாயங்காலம் போனேன். மழை தூசியெல்லாம் கழுவிட்டதால டவுன் பக்கத்துல வந்த மாதிரி இருந்துச்சு. வெயில் காலத்துல அதே இடத்துல நின்னா ஒரு பழுப்புத் திரை தொங்கும், அதுக்கு எந்த லென்ஸ் போட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சூரியன் இறங்கி ஒரு இருபது நிமிஷத்துல வானம் கருநீலமாச்சு, கீழ தெருவிளக்கு எல்லாம் எரிஞ்சிடுச்சு, வானத்து வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சமமா நிக்கிற நேரம் அது, நம்ம ஊர்ல கால் மணி நேரம் கிடைச்சாலே பெருசு.

அன்னைக்கு மாத்தினது இன்னும் ரெண்டு மூணு. அந்த கிட் லென்ஸ்ல ஃபோகஸ் ரிங்குன்னு தனியா இல்ல, முன் விளிம்பைத்தான் திருப்பணும், லேசா விரல் பட்டாலே நகர்ந்துடும். ஃபோகஸை மேனுவல்ல போட்டு, லைவ் வியூல (கேமரா ஸ்க்ரீன்ல நேரடியா தெரியற காட்சி) 10எக்ஸ் பெருசாக்கி, தூரத்துல தனியா எரியற ஒரே ஒரு விளக்கைப் புடிச்சேன், திருப்பத் திருப்ப அது ஊதிப்போய் வட்டமா ஆகுது, திரும்ப சுருங்குது, கடுகு சைஸுக்கு வந்த இடத்துல நிறுத்தி, காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரியை வச்சு விளிம்பை ஒட்டிட்டேன். லென்ஸ்ல கை ஆட்டத்தைச் சரி பண்ற ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணினேன், போன தடவை ட்ரைபாட் மேல அது ஆன்ல இருந்ததும் சேர்ந்துதான் படத்தைக் கெடுத்திருக்கு. ட்ரைபாட் நடு கம்பியைத் தூக்கவே இல்ல, தூக்கினா ஆடும். கழுத்து வாரைக் கழட்டிட்டேன், காத்துல அது படபடன்னு அடிச்சா கேமராவும் ஆடும். பட்டனை அழுத்தற ஆட்டம் அடங்கினப்புறம் எடுக்கட்டும்னு 2 செகண்ட் டைமர்.

இன்னொண்ணு, ஐஎஸ்ஓ 100 வச்சா நாய்ஸ் (அந்தப் புள்ளிதான்) வராதுன்னு நம்பி இருட்டா எடுத்து அப்புறம் சாஃப்ட்வேர்ல தூக்காதீங்க, நிழல் பகுதி எல்லாம் புள்ளிதான் வரும். சென்சாருக்குள்ள எவ்ளோ வெளிச்சம் போச்சுங்கிறதுதான் கணக்கு. நாலு மடங்கு வெளிச்சம் வாங்கினா புள்ளி உறுத்தறது பாதியா குறையும். ரா ஃபைல்ல (சென்சார் வாங்கினதை அப்படியே வைக்கிற ஃபைல்) எடுத்து, ஹிஸ்டோகிராம் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம்னு காட்டற வரைபடம்) இடது சுவத்துல முட்டாம 15 செகண்ட் விட்டேன். வீட்ல பெருசு பண்ணிப் பார்த்தப்போ ஒரு வீட்டு மொட்டை மாடி ட்யூப்லைட் தனியா ஒரு கோடா தெரிஞ்சுது. வீட்ல எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

சென்னை

அண்ணா, பிளாஸ்திரி ஐடியா அருமை, நானும் பண்ணப்போறேன். என் அனுபவம் நேப்பியர் பாலத்துல. பாலத்து நடைபாதையில ட்ரைபாட் போட்டு பத்து செகண்ட் விட்டா பஸ் ஒண்ணு போகும்போது தரை அதிர்றது கால்லயே தெரியும், படத்துல ஒவ்வொரு விளக்கும் ரெட்டையா வந்துச்சு. ஒரே படமா நீளமா விடறதுக்கு பதிலா 4 செகண்டா நாலஞ்சு படம், ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல எடுத்தேன், அதுல ஒண்ணு ரெண்டு சுத்தமா வந்துடும்.

அப்புறம் படத்துல வானத்துல பச்சையா குட்டி குட்டி பொட்டு, பாலத்து வளைவு விளக்கு அப்படியே தலைகீழா. கேமரா ரிப்பேர்னு பயந்துட்டேன். லென்ஸ் பாதுகாப்புக்குன்னு போட்ட யூவி ஃபில்டர்தான் காரணம், விளக்கு வெளிச்சம் லென்ஸுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவுல எதிரொளிச்சு வருது. கழட்டினதும் போச்சு. ராத்திரியில ஃபில்டர் வேண்டாம்.

இங்க இன்னொரு தொல்லை ஏசி கார்ல இருந்து இறங்கினதும் லென்ஸ் பூரா ஆவி படிஞ்சிடும், கடற்கரைக் காத்துல ஈரம் அவ்ளோ. துடைக்கத் துடைக்க வரும். இப்பல்லாம் வர்ற வழியிலயே ஏசியை அணைச்சு ஜன்னலைத் திறந்துட்டு வர்றேன், பையை மூடியே வச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் கேமராவை வெளிய எடுக்கிறேன்.

சிங்கப்பூர்

கேமரா இல்லாதவங்களும் எழுதலாம்ல? நான் இங்க வேலைக்கு வந்து ஆறு வருஷம், போன் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மரீனா பே போவேன். அங்க இருக்கிற ஹீலிக்ஸ் நடைபாலத்துல நின்னு எடுத்தா யாராவது ஓடிட்டுப் போனாலே ஆடுது, அதனால கரையில கல் திட்டு மேல போனை வச்சு எடுக்க ஆரம்பிச்சேன். போன் நைட் மோட் ஒரே படம் எடுக்கிறது இல்ல, நிறைய படத்தை வேகமா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி புள்ளியைக் குறைக்குது, கூகுள் 2018ல பிக்ஸல் போன்ல கொண்டு வந்த நைட் சைட் 15 படம் வரைக்கும் சேர்க்கும். ஆடாம இருக்குன்னு போனுக்குத் தெரிஞ்சா ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் கூட்டிக்கும், அதனாலதான் கல்லு மேல வச்சா அவ்ளோ வித்தியாசம்.

எடுக்கிறதுக்கு முன்னாடி போன் லென்ஸைத் துடைங்க, விரல் எண்ணெய் பட்டிருந்தா ஒவ்வொரு விளக்குலயும் வாள் மாதிரி ஒரு கோடு இழுக்கும். மெயின் கேமராவுலயே எடுங்க, வைடு, ஜூம் கேமரா எல்லாம் பொதுவா வெளிச்சம் கம்மியாதான் வாங்கும். மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலோட மூணு டவரும் தண்ணியில விழுந்த நிழலோட எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், ஜன்னல் ஜன்னலா எண்ணிப் பார்த்துட்டு இதுல நீ எந்த ரூம்லடா இருக்கேன்னு கேட்டாங்க.

சேலம்

தம்பி, அம்மா கேட்டதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். உங்க போன் பண்ற அடுக்கற வேலையை கேமராவுலயும் பண்ணலாம், 16 படம் ஒரே மாதிரி எடுத்து கம்ப்யூட்டர்ல சராசரி எடுத்தா நாய்ஸ் கால் பங்கு ஆயிடும். சென்னை தம்பிக்கு: விளக்கு நட்சத்திரமா வரணும்னு எஃப் 22 வரை போகாதீங்க, படம் மொத்தமும் மழுங்கிடும், நான் எஃப் 11ஓட நிறுத்திடுவேன்.

இந்த வாரம் மழை விட்டா சனிக்கிழமை மறுபடி மலை ஏறுறேன். வர்றவங்க அஞ்சரைக்குள்ள வந்துடுங்க, ஸ்வெட்டர் கட்டாயம், பிளாஸ்திரி நான் கொண்டு வர்றேன்.