அம்மப்பாவின் கிணற்றுக் கொப்பி

அன்பான ஊரவர்களுக்கு,

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அம்மப்பா வகித்த பதவிகளையும், 1920 இல் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டை 1950களில் உயர்த்தியபோது அவர் அங்கே பணியாற்றியதையும் பெரியவர்கள் நன்கு அறிவீர்கள். பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் கண்டது ஓய்வுபெற்று வீட்டோடு இருந்த அம்மப்பாவை.

விடியற்காலையில், ஒருவரும் தண்ணீர் அள்ளுமுன், முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதுவார். பிறகு ஒரு மிடறு குடித்துப் பார்த்து, 'நல்லது' அல்லது 'சிறிது உவர்' என்று அதன் அருகே குறிப்பார்.

எதற்காக அளக்கிறீர்கள் என்று மச்சாள் ஒருநாள் கேட்டாள். அம்மப்பா ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்கு உப்புநீர் விட்டு, அதன்மேல் சலவை நீலம் கரைத்த நல்ல தண்ணீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றினார். நீலம் கலவாமல் மேலே நின்றது. பப்பாசிக் குழலை அந்த நீலத்தில் வைத்து அவர் மெதுவாக உறிஞ்சியபோது நீல நீர் மட்டும் ஏறியது. பலமாக உறிஞ்சியதும் அடியிலிருந்த தெளிந்த உப்புநீரும் மேலெழுந்து கலந்தது. வற்றாத ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரிமழை நீர் இப்படித்தான் கடல்நீரின்மேல் மிதக்கிறது என்றும், நல்ல நீர் ஒரு அடி இறங்கினால் உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி ஏறிவிடும் என்றும் சொன்னார். நீரிறைக்கும் இயந்திரத்தை நாள் முழுவதும் ஓடவிட்ட தம் சொந்தத் தம்பியைப் புகையிலைத் தோட்டத்தில் வைத்து அவர் கடிந்துகொண்டது அதன் பின்னரே எங்களுக்கு விளங்கியது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

குடாநாட்டுக்கு நல்ல நீர் தரப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த திட்டத்தையும் அம்மப்பா முற்றத்து மணலில் கீறிக் காட்டுவார். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது அந்தத் திட்டம். வாய்க்காலின் இடத்தை அவர் விரலால் அழுத்திக் கீறும்போது நாங்கள் செம்பில் தண்ணீருடன் காத்திருப்போம்.

1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவர் எடுத்துவந்த பையில் ஒரே ஒரு கொப்பி இருந்தது. மற்றவை வீட்டோடு போயின. அது இப்போது ஒஸ்லோவில் என் தம்பியிடம் இருக்கிறது. அன்று காலை அவர் எடுத்த அளவும், அதன் அருகே 'நல்லது' என்ற குறிப்பும் அதன் கடைசிப் பக்கத்தில் உள்ளன.