பிளடி மேரி மிக்ஸ்: விமானத்தில் பிரமாதம், வீட்டில் உப்புத் தண்ணீர். எங்கே தப்பு?

ஜன்னலோரம்:
போன மாதம் ஒரு நீண்ட விமானப் பயணத்தில் முதல் தடவையாக பிளடி மேரி குடித்தேன். தக்காளிச் சாற்றில் வோட்காவா என்று முகம் சுளித்தவன்தான். பக்கத்து இருக்கைக்காரர் ரசித்துக் குடிப்பதைப் பார்த்து ஒன்று கேட்டேன், பிடித்துப்போய் இன்னொன்றும் வாங்கினேன். இறங்கியதும் முதல் வேலையாக, அங்கே ஊற்றிக் கொடுத்த அதே மிக்ஸ் பாட்டிலைத் தேடிப் பிடித்தேன்.

வீட்டில் மூன்று முறை செய்தாயிற்று. மூன்றையும் கொட்டிவிட்டேன். நான் போட்டது: 60 மில்லி வோட்கா, 150 மில்லி மிக்ஸ், ஒரு முழு எலுமிச்சையின் சாறு, ஒரு தேக்கரண்டி வூஸ்டர் சாஸ், பத்துச் சொட்டு டபாஸ்கோ மிளகாய் சாஸ், கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள். ஷேக்கரில் பொடிப் பனிக்கட்டியோடு கை வலிக்கும் வரை குலுக்கினேன்.

முதல் வாயிலேயே உப்புக் கரிக்கிறது. மேலே ரோஸ் நிற நுரை. ஐந்து நிமிடத்தில் சக்கையெல்லாம் நுரையோடு மேலே போய் நிற்க, கீழே வெறும் செந்நீர். பாட்டில் கெட்டுப்போனதா என்று பார்த்தால் தேதி இன்னும் நிறைய இருக்கிறது.

கல்லுப்பு:
ஒரே ஒரு கேள்வி. பாட்டிலில் 'மிக்ஸ்' என்று இருக்கிறதா, 'ஜூஸ்' என்று இருக்கிறதா? பின்பக்கம் என்னென்ன எழுதியிருக்கிறது, சோடியம் எவ்வளவு?

ஜன்னலோரம்:
மிக்ஸ். தக்காளி விழுது, தண்ணீர், வினிகர், உப்பு, எலுமிச்சைச் சாறு, வூஸ்டர் சாஸ், மிளகாய், செலரி, ஹார்ஸ்ராடிஷ் (மூக்கில் ஏறும் காரமுள்ள ஒரு வேர்). 240 மில்லிக்கு 650 மில்லிகிராம் சோடியம்.

கல்லுப்பு:
அப்படியானால் நீங்கள் ஒரே பானத்துக்கு இரண்டு தடவை தாளித்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன செய்முறை வெறும் தக்காளி ஜூஸுக்கு எழுதியது. உங்கள் பாட்டிலில் உப்பு, புளிப்பு, காரம், சாஸ் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

கணக்குப் பாருங்கள். 1 கிராம் உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம். உங்கள் 150 மில்லி மிக்ஸில் சுமார் 400 மில்லிகிராம், அதாவது 1 கிராம் உப்பு இருக்கிறது. அதன் மேல் நீங்கள் போட்ட கால் தேக்கரண்டி ஒன்றரை கிராம் வரும். ஆக இரண்டரை மடங்கு. வூஸ்டர் சாஸின் உப்பை நான் இன்னும் எண்ணவில்லை.

அடுத்த முறை மிக்ஸும் வோட்காவும் மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். என்ன குறைகிறது என்று நாக்கு சொல்லும், அதை மட்டும் போடுங்கள். பெரும்பாலும் நாலு சொட்டு எலுமிச்சை, கொஞ்சம் புதிதாக இடித்த மிளகு. அவ்வளவுதான் கேட்கும்.

மேசைக்குப்பின்னால்:
பதினெட்டு வருடம் பாரில் நின்றவன். மேலே சொன்னது உப்புக்குச் சரி. தண்ணீருக்குக் காரணம் வேறு, அது உங்கள் ஷேக்கர்.

தக்காளிப் பானத்தை நாங்கள் குலுக்குவதில்லை, உருட்டுவோம். இரண்டு பெரிய டம்ளர் எடுத்து, ஒன்றில் எல்லாவற்றையும் பனிக்கட்டியோடு போட்டு, மற்றதில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, திரும்ப இதில் ஊற்றி, நாலைந்து தடவை. கலந்துவிடும், குளிர்ந்துவிடும், காற்று ஏறாது. குலுக்கினால் தக்காளிச் சக்கையில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். குமிழி சக்கையைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், தண்ணீர் கீழே தங்கும். ரோஸ் நிறமும் அந்தக் குமிழிகளின் வேலைதான், மிக்ஸ் கெட்டதால் வந்ததில்லை.

பொடிப் பனிக்கட்டியை விட்டுவிடுங்கள். பெரிய கட்டியாக, ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்ததாகப் போடுங்கள். மிக்ஸ், வோட்கா, டம்ளர் மூன்றையும் முன்கூட்டியே குளிர வையுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் மிக்ஸைப் பனிக்கட்டியால் குளிரவைக்க நினைத்தால், அந்த வேலைக்கு உருகும் தண்ணீர் அத்தனையும் உங்கள் டம்ளரில்தான்.

அளவுக்குச் சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் முறை ஒன்று இருக்கிறது: 45 மில்லி வோட்கா, 90 மில்லி தக்காளி ஜூஸ், 15 மில்லி எலுமிச்சைச் சாறு. ஒன்றுக்கு இரண்டு. மிக்ஸ் என்றால் நான் ஒன்றுக்கு இரண்டரை வரை போவேன், எலுமிச்சையை 5 மில்லிக்கு மேல் விடமாட்டேன்.

பழம்பெருமை:
குலுக்கவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பானத்தை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் ஃபெர்னான் பெத்தியோ, பாரிஸின் ஹாரிஸ் நியூயார்க் பாரில் இருந்துவிட்டு, அப்புறம் நியூயார்க்கின் செயின்ட் ரீஜிஸ் ஓட்டலுக்குப் போனவர். 1964இல் ஒரு பத்திரிகையிடம் தன் செய்முறையைச் சொன்னார். ஷேக்கரின் அடியில் உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், வூஸ்டர் சாஸ். அப்புறம் கொஞ்சம் எலுமிச்சை, உடைத்த பனிக்கட்டி, 60 மில்லி வோட்கா, 60 மில்லி கெட்டித் தக்காளிச் சாறு. குலுக்கி வடிகட்டி ஊற்றுவது. கவனியுங்கள், குலுக்கி!

மேசைக்குப்பின்னால்:
நீங்களே விடையையும் சொல்லிவிட்டீர்களே. கெட்டிச் சாறு, அதுவும் வோட்காவுக்குச் சமமாக, கடைசியில் வடிகட்டி. அந்தக் கெட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் நல்லதுதான். நண்பரின் மிக்ஸோ விழுதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தது, அதை இன்னும் நீர்க்கச் செய்ய என்ன இருக்கிறது? பெத்தியோவின் கை வேண்டுமானால் பெத்தியோவின் சாறும் வேண்டும்.

பழம்பெருமை:
சரி, அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் ஆள் யார் என்பதில் ஜார்ஜ் ஜெஸ்ஸல் என்ற நடிகரும் உரிமை கொண்டாடினார். அவர் கலந்தது வெறும் வோட்காவும் தக்காளியும்தான், மசாலா என்னுடையது என்பது பெத்தியோவின் வாதம். இந்தச் சண்டையை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை.

மூக்குநாக்கு:
யாரும் விமானத்தைப் பற்றிப் பேசவில்லையே. ஜன்னலோரம், அதே மிக்ஸ்தான் அங்கேயும் என்றால், அங்கே ருசித்ததற்குப் பாதிக் காரணம் இன்ஜின் சத்தம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒரு ஆய்வு செய்தார்கள். விமானத்துக்குள் கேட்கும் அளவு, சுமார் 85 டெசிபல் இரைச்சலைக் காதில் போட்டுக்கொண்டு சுவை பார்த்தவர்களுக்கு இனிப்பு மங்கியது, உமாமி என்கிற அந்தக் குழம்புச் சுவை தூக்கலாகத் தெரிந்தது. பழுத்த தக்காளியில் உமாமிக்குக் காரணமான குளூட்டமேட் நிறைய. போதாததற்கு விமானத்துக்குள் காற்று வறண்டது, மூக்கும் மந்தமாகிவிடும், அதனால் உப்பும் காரமும் உறைத்தால்தான் நமக்கு ஏதோ குடித்த மாதிரி இருக்கும். தரையில், அமைதியான சமையலறையில் அதையே குடித்தால் எல்லாம் அதிகம் என்றுதான் தெரியும். நீங்களோ அதிகத்துக்கு மேல் அதிகம் போட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் மிக்ஸி ஓடவிட்டுக்கொண்டு குடித்துப் பாருங்கள். (சும்மா சொன்னேன். செய்து பார்த்தால் முடிவை எழுதுங்கள்.)

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று உப்பு, சாஸ், டபாஸ்கோ மூன்றையும் விட்டுவிட்டு, 50 மில்லி வோட்கா, 120 மில்லி குளிர்ந்த மிக்ஸ், டம்ளர் மாற்றி டம்ளர் ஐந்து தடவை ஊற்றினேன். முதல் முறையாக முழுசாகக் குடித்து முடித்தேன். பிரியவில்லை.

உற்சாகத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். எதற்குக் கடை மிக்ஸ், நாமே செய்வோமே என்று ஒரு கிலோ தக்காளியைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாட்டில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ராத்திரியே ஹார்ஸ்ராடிஷ் இரண்டு தேக்கரண்டியும் கொஞ்சம் மிளகாயும் போட்டிருந்தேன், ஹார்ஸ்ராடிஷில் சுத்தமாகக் காரமே இல்லை. ஆனால் மிளகாய்க் காரம் மட்டும் ராத்திரி இருந்ததைவிடக் கூடிவிட்டது. இதென்ன கூத்து?

அடுப்படி_ரசாயனம்:
கூத்து எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் அதனதன் குணப்படி நடந்துகொள்கிறது.

முதலில் பிரிந்தது. தக்காளிச் சாற்றைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற இயற்கைப் பசை. தக்காளியை நறுக்கியதுமே அதற்குள் இருக்கும் நொதிகள் பெக்டினைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். பச்சையாக அடித்து வைத்தால் ராத்திரி முழுக்க அவற்றுக்கு வேலை நேரம். சூடு பட்டால் நொதி செத்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு நிதானமாக அடுப்பேற்றக்கூடாது, சூடாகும் அந்த நேரத்திலேயே நொதி தன் வேலையை முடித்துவிடும். நாலைந்து பழத்தை மட்டும் நறுக்கிப் பாத்திரத்தில் போட்டு, நசுக்கி, கொதி வரட்டும். கொதி அடங்காதபடி மிச்சத்தை ஒவ்வொன்றாக நறுக்கி நறுக்கிப் போடுங்கள். எல்லாம் விழுந்தபின் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். அப்புறம் வடிகட்டி ஆறவையுங்கள். ஆலைகளிலும் கெட்டிச் சாறு வேண்டுமென்றால் இப்படித்தான், நசுக்கிய கையோடு சூடேற்றுவார்கள். ஏற்கெனவே பிரிந்ததைக் கொட்ட வேண்டாம், ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது சேர்த்துக் கையால் கலக்கினால் ஓரளவு நிற்கும்.

ஹார்ஸ்ராடிஷ் வேரைத் துருவும்போதுதான் அந்த மூக்கில் ஏறும் காரம் உருவாகிறது. அது ஆவியாகக்கூடியது, காற்றிலும் சாற்றிலும் கிடக்கக் கிடக்க இறங்கிவிடும். அதைக் குடிக்கப்போகும் நேரத்தில் டம்ளரில் போடுங்கள், முதல் நாளே பாட்டிலில் வேண்டாம். மிளகாயும் மிளகும் இதற்கு நேர் எதிர், ஊற ஊறக் காரம் ஏறும். வோட்கா சேர்ந்துவிட்டால் இன்னும் வேகம், மிளகாய்க் காரம் தண்ணீரைவிடச் சாராயத்தில் நன்றாகக் கரையும். அதனால் மிக்ஸ் செய்யும் அன்று மிளகாய் கொஞ்சம் குறைச்சலாகவே தெரிய வேண்டும்.

கேரட்அல்வா:
இடையில் ஒரு சந்தேகம். வீட்டுக்கு வரும் நண்பர்களில் இரண்டு பேர் சைவம், ஒருவருக்குச் சிப்பி, இறால் ஒவ்வாமை. மிக்ஸ் வெறும் தக்காளிதானே, எல்லோருக்கும் ஒரே ஜாடியில் கலக்கலாமா?

கல்லுப்பு:
பொறுங்கள், கலக்காதீர்கள்! வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் இருக்கும், அதனால் பல மிக்ஸ்கள் சைவம் ஆகாது. மீன் சேர்க்காத சாஸும் விற்கிறார்கள், லேபிளில் தெளிவாக எழுதியிருக்கும். கிடைக்காவிட்டால் சோயா சாஸ் சில சொட்டு, புளிக்கரைசல் அரைத் தேக்கரண்டி, துளி சர்க்கரை, துளி வினிகர். அசல் சாஸிலேயே புளி உண்டு என்பதால் ஒட்டாமல் போகாது.

ஒவ்வாமைக்காரர் விஷயத்தில் இன்னும் கவனம். கிளமேட்டோ என்ற பெயரில் வருவது தக்காளியோடு சிப்பிச் சாறு கலந்தது. கனடாக்காரர்களின் சீசர் காக்டெயிலுக்கு அதுதான் அடிப்படை. அந்தக் காக்டெயிலை 1969இல் கால்கரியில் வால்டர் செல் என்பவர் உருவாக்கினார். பாட்டில் பார்க்க ஒரே சிவப்புதான். அவருக்கு ஜாடியை மட்டுமல்ல, கலக்கும் கரண்டியையும் தனியாக வையுங்கள்.

மேசைக்குப்பின்னால்:
வோட்கா வேண்டாதவர்களுக்கு அதே மிக்ஸை மதுவில்லாமல் கொடுங்கள், வெர்ஜின் மேரி. ஆனால் வோட்காவுக்குப் பதில் அதே அளவு மிக்ஸை ஊற்றிவிட்டால் குழம்பு மாதிரி இருக்கும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரும் எலுமிச்சையும் விட்டு இளக்குங்கள். ஜின் பிடித்தவர்களுக்கு ரெட் ஸ்நாப்பர், டெக்கீலா என்றால் பிளடி மரியா. ஜின்னில் மூலிகை வாசம் இருப்பதால் செலரி உப்பைக் குறைத்துக்கொள்வேன். எனக்கு வோட்காவைவிட அதுதான் பிடிக்கும், அது என் சொந்தக் கிறுக்கு.

ஜன்னலோரம்:
கொதிக்கவைத்துச் செய்த சாறு மூன்று நாளாகக் குளிர்பெட்டியில் பிரியாமல் நிற்கிறது. ஹார்ஸ்ராடிஷ் கடைசியில் போட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிக்ஸி ஓடவிட்டும் குடித்துப் பார்த்தேன். ருசி கூடியதா தெரியவில்லை, மனைவி வந்து மிக்ஸியை நிறுத்திவிட்டாள்.

கடைசியாக ஒன்று. மிச்சமிருந்த கடை மிக்ஸை மிச்செலாடா என்ற மெக்சிகோ பீர்ப் பானம் மாதிரி பீரில் கலந்தேன். பீர் நிறைந்த டம்ளரில் மிக்ஸை ஊற்றியதும் பொங்கி மேசையெல்லாம் வழிந்துவிட்டது. இதற்கும் குலுக்கல்தான் காரணமா? நான் குலுக்கவே இல்லை!

அடுப்படி_ரசாயனம்:
இல்லை, வரிசை மாறிவிட்டது. பீரில் கரைந்திருக்கும் வாயுவுக்குப் பிடிமானம் கிடைத்தால் வெளியே பாயும். மிக்ஸில் இருக்கும் சக்கைத் துணுக்கும் கரையாத மிளகுத்தூளும் ஆயிரம் பிடிமானம். டம்ளர் விளிம்பில் உப்புத் தடவியிருந்தால் உள்ளே விழும் அந்தக் கல்லும் அப்படியே. மிக்ஸை முதலில் ஊற்றுங்கள், கால் டம்ளருக்கு மேல் வேண்டாம். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் குளிர்ந்த பீரை ஓரமாக மெதுவாக விடுங்கள். அடியிலிருந்து ஒரே ஒரு தடவை கரண்டியால் தூக்கிவிட்டால் போதும்.

ஜன்னலோரம்:
செய்தேன். வழியவில்லை. துடைத்த மேசையிலிருந்தே எழுதுகிறேன், இழையை மூடிவிடலாம்.