கோயில் திறந்தது, நாங்கள் திரும்பி வந்தது: பங்கு மக்களின் அனுபவப் பகிர்வு

வாசலில் வரவேற்கும் பணியில் இருப்பவர்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) பெருந்தொற்றுக்குப் பிறகு கோயில் கதவு ஒரே நாளில் திறந்துவிட்டது. மக்கள் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது, சிலருக்கு வருடக்கணக்கில். வாசலில் நின்று அதைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு பெஞ்ச் விட்டு ஒரு பெஞ்சில் கயிறு கட்டியிருந்தோம். தீர்த்தத் தொட்டி காலி. ஆனாலும் பழக்கத்தில் விரல் அதற்குள் போகும், வெறும் கல் தட்டுப்படும், அப்படியே சிலுவை போட்டுக்கொண்டு நகர்வார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் தலையசைப்பதோடு சரி. நற்கருணை, அதாவது திருப்பலிப் பூசையில் தரும் அப்பம், கையில் மட்டும். முதல் நன்மை (முதன்முறை நற்கருணை) வாங்கிய நாளிலிருந்து நாவிலேயே வாங்கிப் பழகிய பெரியவர்கள் சிலர் அதற்காகக் கண்கலங்கினார்கள். அதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மனசு ஒப்பாது.

2020 மார்ச் 27 அன்று வத்திக்கானில் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில், கொட்டும் மழையில், அப்போதைய திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் செபித்ததைத் திரையில் பார்த்தோம். புயலில் சிக்கிய படகைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதியை எடுத்துப் பேசினார். அன்று திரைக்கு முன்னால் முழங்காலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். அந்த ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழாவும் (ஈஸ்டர்) திரையில்தான் போயிற்று. ஆனால் அவசரத்துக்கு வந்த திரை அப்புறம் வசதியாகிவிட்டது. வத்திக்கானின் வழிபாட்டுத் துறையான வழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராபர்ட் சாரா அதே ஆண்டு ஆகஸ்ட் 15 தேதியிட்ட கடிதத்தில், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கெடுப்பதற்கு ஈடாகாது என்று எழுதினார். உண்மைதான். இருந்தாலும் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சொந்தப் பங்கின் பூசை வீட்டிலேயே கிடைத்தது அப்போதுதான். அதனால் ஒளிபரப்பை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தாதது சரி என்றே நினைக்கிறேன்.

எங்கள் பங்கு நிஜமாகவே ஒன்றுகூடியது என்று நான் சொல்வது வேறொரு நாளை. கட்டுப்பாடு இருந்த காலத்தில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அடக்கம் செய்திருந்தோம். பாட்டு இல்லை, கைபிடித்து ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் எல்லோருக்குமாக ஒரு திருப்பலி வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் முடிவாயிற்று. ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து பாஸ்கா திரியிலிருந்து (உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய திரி) மெழுகுதிரி ஏற்றினார். பெயர் வாசித்தவருக்குப் பாதியில் குரல் அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் தாளை வாங்கித் தொடர்ந்தார். பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அடக்கம் நடந்து எவ்வளவோ காலம் கழித்து, கோயில் முற்றத்தில் வரிசையாக நின்று துக்கம் விசாரித்தார்கள். அதுவரை திரையில் பார்த்துக்கொண்டிருந்த சில குடும்பங்கள் அடுத்த ஞாயிறிலிருந்து வரத் தொடங்கின.

பாடற்குழுவில் இருப்பவர்

எங்கள் குழுதான் கடைசியாகத் திரும்பியது. காரணம் நியாயமானதே. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவர்களையும் சேர்த்து 53 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். பாடும்போது மூச்சோடு வெளியேறும் நுண்துளிகள் காற்றிலேயே நின்றுவிடும் என்பதை அந்தச் சம்பவம்தான் பலருக்குப் புரியவைத்தது. அதனால் முதலில் ஒரே ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் வாய் மூடிக் கேட்டோம். பிறகு முகக்கவசத்தோடு நாலைந்து பேர். முழுக் கோயிலும் சேர்ந்து 'அல்லேலூயா' பாடிய உயிர்ப்பு விழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) என்னால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை, அழுகைதான் வந்தது. குரல்களும் பழையபடி இல்லை. ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்) பாடுகிற இருவர் இன்றுவரை திரும்பவில்லை. பிள்ளைகள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், சுருதி இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்

மேலே எழுதியவர்கள் வந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வராதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். வீடு வீடாகப் போகிறவள் என்பதால் காரணங்களை நேரில் கேட்டிருக்கிறேன். விசுவாசம் போய்விட்டது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. முன்பு கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றார் ஒருவர். கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்றார் இன்னொருவர். "என்னைக் காணோம்னு யாருமே கேக்கலையே" என்று ஓர் அம்மா சொன்னது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. ஞாயிறு பூசைக்கு வர வேண்டும் என்ற கடமையிலிருந்து தந்திருந்த விலக்கு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மேடையிலிருந்து வந்ததுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் ஏற்கெனவே கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள்.

அப்புறம் நாங்கள் சிலர் பங்கின் பழைய குடும்பப் பதிவு அட்டைகளை எடுத்து, ஆளுக்குச் சில வீடுகள் என்று பிரித்துக்கொண்டோம். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது, எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்க வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்தார். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு வாரநாள் காலைப் பூசையைச் சொன்னோம். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தோம். அந்த அம்மா இப்போது என்னோடுதான் வருகிறார், தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். அட்டைகள் இன்னும் பாதி மீதமிருக்கின்றன. உங்கள் பங்கில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், எங்களுக்கு உதவும்.