புதுப்பிப்பு: 'நான்காண்டுச் சுழற்சி முடிந்த கதை' என்றேனே, அது பற்றி

2024 மார்ச்சில், பிட்காயினின் நான்காண்டுச் சுழற்சி (ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை விலை உச்சம் தொட்டு விழும் என்ற கணிப்பு) இனி எடுபடாது என்று எழுதியிருந்தேன். அமெரிக்காவில் அந்த ஜனவரியில் பிட்காயினையே நேரடியாக வாங்கி வைக்கும் ஈடிஎஃப் (பங்குபோலச் சந்தையில் வாங்கும் நிதி) வந்தது, ஹால்விங்குக்கு (புதிதாக உருவாகும் பிட்காயின் அளவு பாதியாகும் நாள், ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை) முன்பே விலை பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்படி முன்பு நடந்ததே இல்லை.

சரி, பாதி தப்பு. போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) கூட வேலை செய்யும் தம்பி ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினான். 2016 ஜூலை ஹால்விங், 17 மாதத்தில் உச்சம். 2020 மே, 18 மாதம். 2024 ஏப்ரல், மறுபடி 18 மாதம்: 2025 அக்டோபரில் 126,000 டாலர்.

"எங்கண்ணே செத்துச்சு?" என்றான். என் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போனது.

ஆனால் உயரத்தைப் பாருங்கள். 2017-இல் ஏறக்குறைய 20,000, 2021-இல் 69,000, மூன்றரை மடங்கு. இந்த முறை இரண்டு மடங்குகூட இல்லை. நாள் பொருந்துகிறது, அளவு பொருந்தவில்லை. அதுவும் மூன்றே தடவை நடந்ததை வைத்து விதி என்பதா? (அன்று இதைவிடக் குறைந்ததை வைத்துத்தான் நானும் வாய் விட்டேன்.)

முந்தைய இரு உச்சங்களுக்கும் ஓராண்டு கழித்துத்தான் அடிமட்டம் வந்தது. தம்பி 2026 அக்டோபரை நாட்காட்டியில் வட்டமிட்டுவிட்டான். நான் இன்னும் ஒரு ரிங்கிட்கூட எடுத்து வைக்கவில்லை.