தரை காஞ்சு கிடக்கு, ஆனா கூலன்ட் குறையுது: பழைய பிக்கப், உதவி தேவை

தண்ணிகேன் அம்பத்தூர்:
2008 மாடல் டீசல் பிக்கப், ஏசி கிடையாது. 20 லிட்டர் கேன் போடுற தொழில், ஒரு நடைக்கு 60 கேன் ஏறும். மூணு வாரமா ரெண்டு நாளைக்கு அரை லிட்டர் மேனிக்கு கூலன்ட் ஊத்திட்டு இருக்கேன். ராத்திரி வண்டிக்கடியில அட்டை போட்டுப் பார்த்தேன், காலையில ஒரு சொட்டு இல்ல. லோடோட பாடி மேம்பாலம் ஏறினா ஹீட் முள்ளு பாதியைத் தாண்டுது. தெரிஞ்ச மெக்கானிக் பானெட்டைத் திறந்த உடனே "ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற பேக்கிங்) போச்சு, 20,000 ஆகும்"னுட்டார். தண்ணி விக்கிற வண்டியே இப்படித் தண்ணி குடிச்சா எங்க போறது?

லோடு வண்டி:
ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சள்தூள் போடுங்க ப்ரோ, அடைச்சுக்கும். எங்க அப்பா காலத்து வைத்தியம்.

பழைய டீசல்:
நடுரோட்டுல நின்னா வீடு வந்து சேர மஞ்சள்தூள் சரி. அதோட ஓட்டினா ரேடியேட்டர் குழாயும் சேர்ந்து அடைக்கும், ஏற்கனவே ஹீட் ஆகுற வண்டி இது.

கேன்காரரே, ஹெட்டை இப்போதைக்குத் தொட விடாதீங்க. காலையில இன்ஜின் நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. சூட்டோட திறந்துடாதீங்க, முகத்துல அடிக்கும். ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வரும், அது உள்ள மாட்டின காத்து. விடாம கொப்பளிச்சா கேஸ்கெட் சந்தேகம். ஆயில் மூடிக்கு அடியில பால் காபி நிறத்துல கசடு இருக்கா? சைலன்சர்ல வெள்ளைப்புகை நிக்காம வருதா?

தண்ணிகேன் அம்பத்தூர்:
பார்த்தேன் அண்ணே. குமிழி ஒரு நிமிஷத்துல நின்னுடுச்சு. ஆயில் கறுப்பாதான் இருக்கு, வெள்ளைப்புகை இல்ல. அப்போ எங்கதான் போகுது?

பழைய டீசல்:
ஓடும்போது கசிஞ்சு, சூடான இன்ஜின் மேலயே ஆவியாகிடும். அதான் அட்டை நனையல. தண்ணி போனாலும் தடம் இருக்கும். டார்ச் அடிச்சு ஹோஸ் கிளிப் இடுக்கு, ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் அடிப்பக்கம் பாருங்க. பம்ப்ல சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு ஓட்டை வச்சிருப்பாங்க. உள்ள சீல் போனா பேரிங்குக்குப் போகாம வெளியில வரத்தான் அந்த ஓட்டை. அதை எம்சீல் போட்டு அடைச்ச ஆளையும் பார்த்திருக்கேன்!

ரேடியேட்டர் கடையில பிரஷர் டெஸ்டரும் போடச் சொல்லுங்க. மூடியில 0.9, 1.1னு ஒரு நம்பர் இருக்கும், அந்த அளவுக்கு மட்டும் காத்தடிச்சு கால் மணி நேரம் விடணும். மூடியையும் டெஸ்ட் பண்ணுங்க. அதோட ஸ்பிரிங் தளர்ந்தாலும் கூலன்ட் வெளியேறும்.

தண்ணிகேன் அம்பத்தூர்:
அண்ணே, கிடைச்சிடுச்சு! பம்ப் ஓட்டைக்குக் கீழ, கிணத்துச் சுவர்ல உப்பு பூத்த மாதிரி, பச்சையும் வெள்ளையுமா ஒரு கோடு. காத்தடிச்சதும் அந்த ஓட்டையில ஒரு முத்து திரண்டு நின்னுச்சு, பத்து நிமிஷம் கழிச்சு சொட்டுச்சு. புல்லியைப் பிடிச்சு ஆட்டினா லேசா ஆடுது. புதுப்பேட்டையில பழைய பம்ப் பாதி விலைக்குத் தர்றாங்க, வாங்கலாமா?

பழைய டீசல்:
கதவு, பம்பர்னா புதுப்பேட்டை ஓகே. பம்ப் வேண்டாம், அதோட சீல் எத்தனை நாள் தாங்கும்னு யாருக்கும் தெரியாது. ஜி.பி. ரோட்டுல புதுசு வாங்குங்க, பேக்கிங்கும் சேர்த்து. பெல்ட்ல கூலன்ட் பட்டு ஊறியிருந்தா அதையும் மாத்திடுங்க.

இதுவரை எந்தத் தண்ணி கலந்தீங்க?

தண்ணிகேன் அம்பத்தூர்:
கூலன்ட்டை நீட்டிக்க வீட்டு போர் தண்ணி...

பழைய டீசல்:
வாட்டர் ஹீட்டர் ராடுல வெள்ளையா படியுதே, அதேதான் ரேடியேட்டர் உள்ளயும் படிஞ்சிருக்கும். மேம்பாலத்துல முள்ளு ஏறுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ரேடியேட்டரைக் கழுவிட்டு, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊத்துங்க. உங்க கேன் தண்ணியும் வேண்டாம், அதுல தாது உப்பு சேர்த்திருப்பாங்க.

தண்ணிகேன் அம்பத்தூர்:
முடிஞ்சது அண்ணே. பம்ப், பெல்ட், கழுவல் எல்லாம் சேர்த்து 5,600. கழட்டின பம்பைக் கையில வச்சு சுத்தினா அம்மியில மணல் அரைக்கிற சத்தம். ஒரு வாரம் ஆச்சு, டேங்க்ல கோடு போட்டு வச்ச இடத்துலயே கூலன்ட் நிக்குது. நேத்து 60 கேனோட பாலம் ஏறினேன், முள்ளு பாதியைத் தாண்டல.